சோபா ஏறாத கிலோமீட்டர்

பிக்கப் வண்டியின் லீஸ் முடிய இன்னும் இருபது நாள்தான் என்று கம்பெனியிலிருந்து போன் வந்தபோது மூத்தவளுக்கு வந்தது கவலை அல்ல, சந்தோஷம். அதை அவளே கவனித்துக் கொஞ்சம் வெட்கப்பட்டாள். பிறகு அந்த வெட்கத்தையும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டாள்.

அண்ணன் தம்பி இருவரும் சோபா தைக்கிறவர்கள். வீட்டை ஒட்டிய நீளமான கொட்டகைதான் பட்டறை. அண்ணன் மரச்சட்டம் அடிப்பார், ஸ்பிரிங் கட்டுவார். தம்பி ஸ்பாஞ்ச் வெட்டி, ரெக்சினை இழுத்து ஸ்டேப்பிள் பின் அடிப்பான். இரண்டு பேருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. மூத்தவள் அண்ணன் மனைவி. ஆர்டர் எடுப்பது, அளவு குறிப்பது, போன் பேசுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் அவள். இளையவள் தம்பி மனைவி. தைத்த சோபாவை ஏற்றிக்கொண்டு போய் வீடு வீடாக இறக்கிவிட்டு வருவது அவள்.

இளையவளுக்கு அந்த வேலை வந்ததே ஒரு விபத்து. மூன்று வருடத்துக்கு முன்னால் வண்டியை லீஸுக்கு எடுத்த இரண்டாம் மாதமே டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். வாசலில் பிளாஸ்டிக் சுற்றிய சோபா மூன்று காத்துக்கிடந்தது. "என்கிட்ட லைசென்ஸ் இருக்கு. இன்னிக்கு ஒரு நாள் நான் ஓட்டிட்டு வரேனே" என்றாள் இளையவள். ஒரு நாளைக்கு என்று வாங்கி இடுப்பில் செருகிய சாவி, அதற்குப் பிறகு இடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

தனக்கு ஓரகத்தி மேல் பொறாமையே கிடையாது என்று ஒருத்தி சொன்னால், அவளுக்கு ஓரகத்தி இல்லை என்று அர்த்தம். ஆனால் மூத்தவள் நகைக்கும் புடவைக்கும் வயிறெரிகிற ரகம் இல்லை. இளையவளிடம் அவளைவிட நல்ல புடவைகள் இருந்தன, இருக்கட்டும். இடுப்பு வரை முடி இருந்தது; இருந்துவிட்டுப் போகட்டும். அவளால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். காலை ஒன்பது மணிக்கு இளையவள் புடவையைத் தூக்கிச் செருகி, வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஜன்னலில் முழங்கையைப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டுவாளே, அது. மூத்தவளின் மேஜையிலிருந்து பார்த்தால் முழங்கை மட்டும்தான் தெரியும். மத்தியானம் வரை வயிறு எரிய அந்த முழங்கை போதும்.

அதோடு விட்டதா? சோபா இறங்கிய வீடுகளிலிருந்து போன் வரும். "அந்த வண்டி ஓட்டிட்டு வந்த பொண்ணு யாருங்க? எங்க சந்துல ஆட்டோவே திரும்பாது, அவங்க ஒரே வெட்டுல ரிவர்ஸ் எடுத்துட்டாங்க!" போனை எடுப்பது மூத்தவள். ஆக, ஓரகத்தியின் பெருமையை ஊரே பாட, அதற்கு நன்றி சொல்லும் உத்தியோகமும் அவளுடையதே. அளவு கச்சிதமாக இருந்தது என்று இன்றுவரை ஒரு மனிதரும் போன் செய்ததில்லை. அளவு தப்பினால்தான் அவளுடைய வேலை என்று ஒன்று இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியும்.

அவளும் ஓட்டிப் பார்க்காமல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இளையவளே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, மூத்தவள் கிளட்சை விட்ட வேகத்தில் வண்டி நேராகப் போய் மூடியிருந்த கேட்டில் முட்டியது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்களே, அதுபோல் கொழுந்தன் பட்டறையிலிருந்து ஓடிவந்து, "அண்ணி, எல்லாரும் கேட்டைத் திறந்துட்டுதான் போவாங்க" என்றான். அன்றிலிருந்து ஒரு வருடம் அவளுக்குப் பட்டறையில் 'கேட்டக்கா' என்று பெயர். அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியின் பக்கம் போகவில்லை.

லீஸ் விஷயத்தை அவள் சாயங்கால டீயின்போது எடுத்தாள். கணவர் டம்ளரை வைக்காமலே சொன்னார்: "திருப்பிக் குடுக்கலாம், இல்லன்னா மீதியைக் கட்டி நாமளே வாங்கிக்கலாம், இல்லன்னா வேற புதுசு எடுக்கலாம். எது சரின்னு நீயே பாத்துச் சொல்லு."

"அண்ணி சொன்னா சரி" என்றான் கொழுந்தன். ஐந்து நிமிடம் யோசிக்கச் சோம்பலாக இருக்கும் எல்லா விஷயத்திலும் அவன் அண்ணி பக்கம்தான்.

இளையவள் மட்டும், "இந்த வண்டியே நல்லாத்தான் ஓடுதுக்கா" என்றாள், மெதுவாக.

மறுநாள் மூத்தவள் கம்பெனிக்குப் போன் போட்டாள். லீஸ் வண்டிகள் நிற்கும் யார்டைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் பேசினார். லீஸில் அறுபதாயிரம் கிலோமீட்டர்தான் அனுமதி. மீட்டரில் இப்போது எவ்வளவு என்று கேட்டார். அறுபத்து நாலாயிரம் என்றாள். "திருப்பிக் குடுத்தீங்கன்னா அந்த நாலாயிரத்துக்குத் தனியா சார்ஜ் போட்டுடுவாங்கம்மா. நீங்களே வாங்கிக்கிட்டா அந்தப் பேச்சே கிடையாது. உங்க வண்டி, நீங்க நிலாவுக்கே ஓட்டியிருந்தாலும் எங்களுக்கென்ன" என்று சிரித்தார்.

பழக்கதோஷத்தில் அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். எழுதியதைப் படித்தாள். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம், வாங்கிக்கொள்வதுதான் லாபம். தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்பது தெரிந்துதான் மறைத்தாள்.

அவள் பிடித்துக்கொண்டது அந்த நாலாயிரத்தை. சோபா இறக்கிய முகவரியெல்லாம் அவள் நோட்டில்தான் இருக்கிறது. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து போக வர தூரத்தைக் கூட்டிப் பார்த்தாள். எப்படிக் கூட்டினாலும் அறுபதாயிரத்தைத் தாண்டவில்லை. அப்படியானால் எங்கே போனாள்? அம்மா வீட்டுக்கா? கடை கடையாகவா? வேறு யாரையாவது பார்க்கவா? அவளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அன்று காய்ச்சல் விட்டவள் போல உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு.

சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இருக்கும்போதே கேட்டாள். "நாலாயிரம் கிலோமீட்டர்ல ஒரு சோபாகூட ஏறலை. நான் கூட்டிப் பாத்துட்டேன். எங்க போன?"

இளையவள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். முகத்தில் பயம் இல்லை. "சும்மாக்கா."

"சும்மான்னா?"

"சோபாவை இறக்கிட்டு வரப்போ ரோடு காலியா இருக்கும். திரும்ப வேண்டிய இடத்துல திரும்பாம கொஞ்ச தூரம் நேரா போவேன். அப்புறம் திரும்பி வந்துடுவேன். சும்மாதான்."

கொழுந்தன் சிரித்தான். "டீசலைக் குடிச்சுட்டு ஊர்வலமா?" என்றான். அவனுக்கு அது வேடிக்கை. மூத்தவளுக்கு அப்படி இல்லை. பொய் சொல்லியிருந்தால் கையும் களவுமாகப் பிடித்திருப்பாள். சும்மா என்பதை எந்தப் பக்கம் பிடிப்பது? கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் தான் சும்மா போன இடம் ஒன்றாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தாள். மொட்டை மாடிக்குக்கூடத் துணி காயப்போடத்தான் போயிருக்கிறாள். இவளோ நாலாயிரம் கிலோமீட்டர் சும்மா போய்விட்டு வந்து, அதைச் சாப்பாட்டுக்கு நடுவில் சொல்கிறாள். திருட்டை மன்னிக்கலாம், இதை மன்னிக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"லிமிட் தாண்டியாச்சு. வண்டியைத் திருப்பிக் குடுத்துடலாம், அதுதான் நல்லது" என்றாள். "டெலிவரிக்கு வாடகை வண்டி வெச்சுக்கலாம்."

"சரி" என்றார் கணவர். "அண்ணி சொன்னா சரி" என்றான் கொழுந்தன். இளையவள் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் இளையவள் வண்டியைக் கழுவினாள். கதவு இடுக்குகளைப் பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தாள். ஓட்டுகிற சீட்டில் ஒரு கிழிசல் இருந்தது. அதே நிற ரெக்சினைத் தேடிப் பிடித்து, தையல் எங்கே என்று தெரியாதபடி தானே தைத்தாள். அவள் சண்டை போட்டிருந்தால் மூத்தவளுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். மேஜையில் உட்கார்ந்து அந்தப் பிரஷ் சத்தத்தைக் கேட்கத்தான் கஷ்டமாக இருந்தது.

ஒப்படைக்கிற நாளில் இரண்டு பேரும்தான் யார்டுக்குப் போனார்கள். இளையவள் ஓட்டினாள். மூத்தவள் பக்கத்தில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார்டில் நூறு வண்டி வரிசையாக நின்றது. இரண்டு வண்டிக்கு நடுவில் இன்னொரு வண்டி உரசாமல் நுழைகிற இடம்தான் இருந்தது. அதில் இளையவள் பின்பக்கமாகவே கொண்டுபோய் நிறுத்தினாள்.

மேனேஜர் வண்டியைச் சுற்றி வந்தார். டயரைத் தட்டினார், சீட்டை அமுக்கினார், குனிந்து அடியில் பார்த்தார். "யாரும்மா ஓட்டினது? மூணு வருஷ வண்டின்னு சொன்னாத்தான் தெரியும்" என்றார். இந்தக் கடைசி நாளிலும் பாராட்டு அவளுக்குத்தான். மூத்தவளுக்குச் சுருக்கென்றது.

"இவ்வளவு நல்லா வெச்சிருந்துட்டு ஏம்மா விடுறீங்க? அன்னிக்கே போன்ல சொன்னேனே, நீங்களே வாங்கிக்கிட்டா கூடுதல் கிலோமீட்டர் பேச்சே இல்லன்னு. சரி, உங்க இஷ்டம். ஃபாரம் எடுத்துட்டு வரேன்." அவர் உள்ளே போய்விட்டார்.

தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?" என்றாள் இளையவள்.

"தெரியும்."

"வீட்ல அவங்ககிட்ட சொல்லலையா?"

"சொல்லலை." மூத்தவள் பேனாவைத் திறந்தாள், மூடினாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? "வயித்தெரிச்சல். நீ தினம் கேட்டைத் தாண்டிப் போறதை என்னால பாக்க முடியலை. போதுமா?"

இளையவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கும் உங்க மேல இருக்குக்கா. ஒரு நாளைக்குன்னு கெஞ்சி வாங்கின சாவி இது. மூணு வருஷமா தினமும், இன்னிக்கு யாராவது வேணாம்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேதான் ஏறுவேன். நீங்க ஒரு வார்த்தையில நிறுத்திட்டீங்க. ஏன்னு உங்களை யாரும் கேக்கலை. எங்க வீட்டுக்காரர்கூடக் கேக்கலை. வண்டியை விடுங்க. எனக்கு உங்க கையெழுத்து மேலதான் பொறாமை."

தன்னிடம் பொறாமைப்படும்படி ஏதோ ஒன்று இருக்கிறது என்று மூத்தவளிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அவளுக்கு முதலில் வந்தது பூரிப்புதான். அந்தப் பூரிப்பு முழுசாக ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பின்னாலேயே அவமானம் வந்து அதைத் தள்ளிவிட்டது. அந்தக் கையெழுத்தை எதற்குப் பயன்படுத்தினோம் என்பது இப்போது தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் இல்லை.

மேனேஜர் ஃபாரத்தோடு வந்தார். "இங்க ஒண்ணு, கீழ ஒண்ணும்மா."

"இது வேணாங்க. வாங்கிக்கிறோம்" என்றாள் மூத்தவள்.

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கலையா?"

"வேணாம். அவங்க என்கிட்ட விட்டுட்டாங்க."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு, மீதியை மாதாமாதம் கட்டலாம் என்றார். வேறு தாள்களைக் கொண்டுவந்து பரப்பினார். "யார் பேர்ல எழுதணும்?"

பதினாலு வருடமாக அந்தக் கேள்விக்கு அவள் யோசித்ததே இல்லை. இப்போது யோசித்தாள். வாயைத் திறந்தால் பழக்கத்தில் தன் பெயர் வந்துவிடும் போலிருந்தது. தாள்களை அப்படியே இளையவள் பக்கம் நகர்த்தி, பேனாவை மேலே வைத்தாள்.

"இவ பேர்ல" என்றாள்.

இளையவள் அவளையே பார்த்தாள். "அக்கா, விளையாடாதீங்க."

"போடு. எல்லாத் தாள்லயும் போடணும். தேதியை மறந்துடாத."

முதல் தாளில் இளையவளின் எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. மூன்றாவது தாளில் நேரானது. ஏழாவது தாளில் கடைசி எழுத்துக்கு அடியில் ஒரு கோடுகூட இழுத்தாள். மூத்தவள் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல காரியம் செய்தால் வயிறு குளிரும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அவளுக்குக் குளிரவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்ததும் முன்பைவிட அதிகமாகவே எரிந்தது. இருந்தாலும் அவள் தாளைப் பிடுங்கவில்லை.

மேனேஜர் தாள்களை அடுக்கி, மூத்தவள் கொண்டுவந்த ஃபைலிலேயே வைத்து, யாரிடம் கொடுப்பது என்று ஒரு கணம் தயங்கி, இளையவளிடம் நீட்டினார்.

இரண்டு பேரும் வண்டியில் ஏறினார்கள். ஓட்டும்போது தடையாக இருக்குமே என்று மூத்தவள் ஃபைலுக்காகக் கையை நீட்டினாள். எப்போதும் அதை வைத்துக்கொள்வது அவள்தானே.

"இருக்கட்டும்க்கா, நானே வெச்சுக்கிறேன்" என்று இளையவள் அதைத் தன் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, வண்டியைக் கிளப்பினாள்.

மூத்தவள் கையை மடக்கிக்கொண்டாள். வெறும் மடியில் இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.