காலையில் இடைக்கச்சை, மதியம் கோவணம்

ஊரெங்கும் மரத்தை வெட்டிச் சாலையில் சாய்த்து இடஒதுக்கீடு கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. வடக்கனந்தல் கல்யாண மண்டபத்தில் சாதிச் சங்கத் தலைவர் அய்யனார் ‘முன்னோர் வாழ்வும் கைநெசவும்’ என்று ஒரு கண்காட்சி வைத்தார். ராட்டை, நெல் குதிர், கல்வராயன் மலையில் இரவல் வாங்கிய ஈட்டி, பரண்மேல் கிடந்த பழந்துணி எல்லாம் மேஜை ஏறின. அட்டை எழுதும் வேலை போர்டு பெயின்டர் கொளஞ்சியப்பனுக்கு.

ஒரு சாண் அகலத்தில் கைநெசவுத் துண்டு ஒன்று கிடந்தது. “இளவரசர் இடைக்கச்சைன்னு எழுதுய்யா. நாம ஆண்ட பரம்பரை” என்றார் தலைவர். எழுதினான். வாய்க்கு வந்ததெல்லாம் வரலாறு!

மதியம் சென்னையிலிருந்து ஒரு குழு வருவதாகச் சேதி வந்தது. இந்த மக்கள் எவ்வளவு பின்தங்கியவர்கள் என்று பார்த்து எழுத வருகிறதாம். கொளஞ்சியப்பன் தான் எழுதிய அட்டைகளைத் திரும்பிப் பார்த்தான். மகள் கண்ணகிக்கு நர்ஸ் படிப்பு ஒரே மார்க்கில் போயிருந்தது. சலுகை வந்தால் அடுத்த வருஷம் கிடைத்துவிடும். ஆனால் இளவரசன் பேத்திக்கு எவன் சலுகை தருவான்?

நல்லவேளை, தலைவர் மறியலுக்கென்று கள்ளக்குறிச்சிக்குக் காரில் கிளம்பினார். உடனே கொளஞ்சியப்பன் பிரஷ்ஷைத் தூக்கினான். இடைக்கச்சை கோவணமாயிற்று. அரண்மனைக் களஞ்சியம் காலிக் குதிராயிற்று. போர் ஈட்டி, பன்றி விரட்டும் கம்பானது. பெற்ற பிள்ளைக்காகப் பாட்டனை அம்மணமாக நிறுத்தவும் அவன் தயார்.

குழு வந்தது. பெரிய அதிகாரி அட்டைகளைப் படித்து உச்சுக்கொட்டினார். “இவ்வளவு கஷ்டமா?” கொளஞ்சியப்பனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அந்நேரம் பார்த்துத் தலைவர் திரும்பி வந்தார். அவருடைய ஆட்கள் வெட்டிப்போட்ட புளியமரமே அவர் காரை மறித்துவிட்டிருந்தது.

“இன்னாய்யா இது? எங்க பாட்டன் கோவணமா? எவன்டா எழுதனது?” என்று கத்தியவர், அதிகாரி பக்கம் திரும்பினார். “ஐயா, அவரு ராஜாங்க! இத இடுப்புல கட்டிக்கினு யானைமேல போனவருங்க!”

அதிகாரி பேனாவை மூடினார். “அரச வம்சத்துக்குச் சலுகை எதுக்குங்க?” என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். தலைவர் மீசையை முறுக்கினார். கும்பிடு கிடைத்துவிட்டதே!

வீட்டுக்கு வந்த கொளஞ்சியப்பன் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தான். கண்ணகி எழுந்து, கரும்பு வெட்டும் கொடுவாளை எடுத்துக்கொண்டாள்.

“அந்த யானைய கொஞ்சம் அனுப்பச் சொல்லுப்பா. கூலிக்குப் போற கொல்லை தொலவா இருக்குது.”