ஒழுகும் சுவர்

வெள்ளம் இறங்கிய மறுநாள் காலை, ஏரலுக்கு மேற்கே ஆற்றுப் படித்துறையில் வந்து நின்றாள் லிண்டா. கரையைத் தாங்கிய கருங்கல் சுவரில் பாதி ஆற்றுக்குள் குப்புறக் கிடந்தது. போன கோடையில் அவள் பழுதுபார்த்துக் கொடுத்த பாதி.

கடற்கரை ஊரிலிருந்து வந்த அவளுக்கு இன்ஜினியராக அதுதான் முதல் வேலை. எந்தக் காலத்துச் சுவர் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்ணாம்புகூடக் கிடையாது. விரல் நுழையும் இடுக்குகள். பார்த்ததும் பதறிப்போய் சிமெண்ட் வைத்து அடைக்கச் சொன்னாள். மழை முந்திக்கொண்டதால் பாதியோடு நின்றது. மீதியை இந்த வாரம் அடைப்பதாக ஏற்பாடு.

ஊர்க் கமிட்டித் தலைவர் குமரகுருபரன் பத்து மணிக்கு வருவார். வெள்ளத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று கொத்தனார் மந்திரமூர்த்தி வழி சொன்னார். இவ்வளவு தண்ணீருக்கு எதுதான் நிற்கும்? லிண்டாவும் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, நிற்கிற பாதிக்குக் கீழே இறங்கினாள்.

இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சுவர் முழுக்கத் தண்ணீர். ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் கயிறு கனத்துக்கு வழிந்தது. கரை மண் குடித்த வெள்ளமெல்லாம் நூறு வாய் வழியாக ஆற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கையில் ஏந்தினாள். பளிங்குபோல் இருந்தது, பொட்டு மண் இல்லை. அப்படியானால் மண்ணை வடிகட்டப் பின்னால் சரளையும் அடுக்கியிருக்கிறார்கள். கான்கிரீட் சுவருக்குத் தண்ணீர் வடியக் குழாய் வைக்கவேண்டும் என்று படித்துத் தேறியவள்தான். இங்கே சுவரே குழாயாக இருந்தது அன்றைக்கு அவள் கண்ணில் படவில்லை. அடைத்த பாதியில் வழியில்லாத தண்ணீர் சுவரையே தள்ளிவிட்டது.

குமரகுருபரன் வந்து பார்த்தார். “சிமெண்டு வச்ச பக்கமுல்லா போயிருக்கு?”

மந்திரமூர்த்தி வெள்ளத்தைப் பற்றி ஆரம்பித்தார். லிண்டா மறித்தாள்.

“வெள்ளம் இல்ல அண்ணாச்சி. நான் அடைச்சதுனாலதான் விழுந்திருக்கு. இங்கன வந்து பாருங்க.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் வழியும் இடுக்கு ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தார். “பொறந்ததுலேருந்து இங்கதான் குளிக்கேன்,” என்றார் மெல்ல. “இந்தச் சுவரு இப்படி ஒரு சோலி பாக்குதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது.”

பிறகு அவள் பக்கம் திரும்பினார். “கடக்கரப் பிள்ளைக்குத் தண்ணியப் பத்தித் தெரியாமப் போச்சே.”

அவள் தலைகுனிந்தாள். அதே கற்களை, சிமெண்ட் இல்லாமல், அதேபோல் அடுக்கவேண்டும் என்றாள். அந்த வேலை உனக்கா என்பதைக் கமிட்டிதான் பேசணும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

லிண்டா டேப்பை எடுத்தாள்.

“வேலையே நம்ம கையில இல்ல. என்னத்துக்கு அளக்குத?” என்றார் மந்திரமூர்த்தி.

“எப்படி அடுக்குனாங்கன்னு எனக்குத் தெரியணும்ணே. அந்த முனையப் பிடிங்க.”

சலித்துக்கொண்டே பிடித்தார். டேப்பை நனைத்து இருவர் முழங்கையிலும் தண்ணீர் வழிந்தது.