இடப்பக்க வகிடு

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால் குமுதா "மேக்கப்" என்பாள். அது பொய்யில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் இரண்டு நாற்காலி போட்ட அழகு நிலையம் ஒன்று அவளுக்கு இருக்கிறது. மணப்பெண்கள் வருகிறார்கள், புருவம் திருத்த ஆபீஸ் பெண்கள் வருகிறார்கள். ஆனால் வாரத்தில் ஓரிரு முறை கிள்ளானிலிருந்து விஜயன் போன் செய்வான். உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுவாள். மேம்பாலத்துக்குப் பின்னால், டயர் கடைக்கும் மோட்டார் பட்டறைக்கும் நடுவே, விஜயன் வேலை பார்க்கிற ஈமச்சடங்கு நிலையம். உடலைக் கழுவி, கெடாமலிருக்க மருந்து ஏற்றி, உடுத்திப் படுக்க வைப்பது விஜயனின் பாடு. முகமும் தலையும் குமுதாவின் பாடு. மணப்பெண்கள் படுத்துகிற பாட்டைப் பார்த்தால் இவர்கள் தங்கம் என்பாள். கண்ணை மூடுங்கள் என்று கெஞ்ச வேண்டியதில்லை அல்லவா.

அன்றும் அப்படித்தான் வந்தாள். விஜயன் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தான்.

"அக்கா, ஒரு அங்கிள். ஹார்ட் அட்டாக். வீங்கல, நிறம் மாறல, மூஞ்சி நல்லா இருக்கு. உங்களுக்கு வேலை கம்மிதான் லா. மத்தியானம் ஹால்ல வைக்கணும். அவங்க வீடு அடுக்குமாடி கொண்டோ, பெட்டி லிஃப்டுல ஏறாதாம். அதான் எல்லாம் இங்கயே."

குமுதா ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி உள்ளே போய்த் துணியை விலக்கினாள். பாட்டு நின்றது.

மணிக்கட்டில் கட்டியிருந்த அட்டையில் கமலநாதன் என்று எழுதியிருந்தது. அவள் அதைப் படிக்கவேயில்லை. மீசை நரைத்திருந்தது, கன்னம் சதை போட்டிருந்தது. ஆனாலும் அந்த மூக்கும், இடது புருவத்தின் நடுவே முடி முளைக்காத அந்தச் சின்ன வடுவும் அப்படியே இருந்தன.

"தெரிஞ்சவங்களாக்கா?" என்றான் விஜயன்.

"இல்ல."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை! அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. ஆனால் வேறு என்ன சொல்வது? தெரிந்தவர் என்றால் எப்படித் தெரிந்தவர்? ஒரே ரயிலில் வந்தவர் என்றால் சிரிக்க மாட்டானா?

ஆமாம், ரயில்தான். கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன் புதிதாகத் திறந்திருந்த சமயம். குமுதா பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பார்லரில் தொழில் பழகிக்கொண்டிருந்தாள். கமலநாதன் பக்கத்தில் ஏதோ ஓர் ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலக் கொமுட்டர் ரயிலில் இருவரும் கிள்ளானுக்குத் திரும்புவார்கள். அப்போது பெண்களுக்கென்று தனிப்பெட்டி கிடையாது. இருந்திருந்தால் இந்தக் கதையும் கிடையாது.

இன்றைக்கு அவர், அன்றைக்கு அவன். அவன் எப்போதும் கதவோரம் நிற்பான். கையில் ஸ்டேஷன் வாசலில் வாங்கிய கச்சாங் பூத்தே பொட்டலம், சூடு குறையாத நிலக்கடலை. ரயில் கிளம்பியதும் பொட்டலத்தை அவள் பக்கம் நீட்டுவான். "பாதி தின்னுட்டேன் மிஸ். மீதி முடியல. நீங்க எடுத்துக்கிறீங்களா?" தினமும் இதே வசனம். தினமும் பாதி தின்றுவிட்டு மீதியை முடிக்க முடியாத ஓர் ஆம்பிளையை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. பாவம், சின்ன வயிறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். அவன் கை பட்ட கடலை என்று ஒவ்வொன்றாகத் தின்பாள், கிள்ளான் வரைக்கும் வருகிற மாதிரி.

பேச்சு அவ்வளவுதான். மழை வருமா, ரயில் ஏன் லேட்டு, இப்படி. கடைசிவரை அவளுக்கு அவன் வைத்த பெயர் மிஸ். அவனை அவள் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. சட்டையில் குத்தியிருந்த ஆபீஸ் அட்டையில் பெயரைப் படித்து வைத்திருந்தாள், வீட்டில் தனியாக இருக்கும்போது ஒருமுறை சொல்லியும் பார்த்திருக்கிறாள். பிறகு ஒருநாள் அவன் வரவில்லை. செலாயாங் பக்கம் மாற்றலாகிப் போனதாக யாரோ சொன்னார்கள். அதன்பின் கல்யாணம் ஆனதாகச் சொன்னார்கள். குமுதா கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அவன்தான் காரணம் என்று யாராவது சொன்னால் அவளே சிரிப்பாள், அதற்கு வேறு ஆயிரம் காரணம் இருந்தது. ஆனால் நிலக்கடலை வறுக்கிற வாசனை வந்தால் இன்றைக்கும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நடப்பாள். அவனுக்காக அவள் ஏங்கினாள். இத்தனை வருடமும் ஏங்கினாள். அதைக் கேட்க ஆள் இல்லை.

குமுதா முகத்துக்குக் கிரீம் எடுத்தாள். உயிரோடிருப்பவர்கள் தோலில் கிரீம் தானாக உருகும். குளிர்ந்த தோலில் உருகாது, திட்டுத் திட்டாக நிற்கும். அதனால் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கித்தான் பூச வேண்டும். எல்லோருக்கும் செய்கிற வேலைதான் இது. இன்றைக்குக் கை அவசரப்படவில்லை. நெற்றி, கன்னம், மோவாய். ஒரு பொட்டலத்தைக் கை மாற்றும்போது விரல் நுனி பட்டதற்கே அன்று தூக்கம் போனவள் அவள். இப்போது முகம் முழுக்க அவள் கைக்குள் இருந்தது, அதை அறிய அவன் இல்லை.

விஜயன் தலையைக் கழுவி முடியைப் பின்னுக்கு வாரிவிட்டிருந்தான். குமுதா சீப்பை எடுத்து யோசிக்காமல் இடது பக்கம் வகிடு எடுத்தாள்.

"ஆன்டி, அந்தப் பக்கம் இல்ல."

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபது வயது இருக்கும், அழுது வீங்கிய கண். மகள் ஷாமினி. கையிலிருந்த போனை நீட்டினாள். மகளும் அப்பாவும் தலையோடு தலை ஒட்டிச் சிரிக்கிற படம். அதில் வகிடு வலது பக்கம் இருந்தது.

"இது நீங்களே எடுத்ததாம்மா? செல்ஃபியில இடம் வலம் மாறித் தெரியும்."

"எல்லாப் படத்துலயும் அப்பா இப்படித்தான் ஆன்டி இருக்காரு." அவள் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். எல்லாம் அவள் எடுத்த செல்ஃபிகள். "இந்தப் படத்தைத்தான் பெருசா போட்டு ஹால்ல மாட்டியிருக்கோம். பக்கத்துல படுத்திருக்கிறவரு வேற மாதிரி இருந்தா எப்படி? அப்பாவுக்கு எந்தப் பக்கம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தப் பெண் சண்டைக்குக் கேட்கவில்லை. அப்பாவை அப்பாவாகவே பார்க்கத் தவித்துக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா. மாத்திடறேன்."

ஷாமினி பூமாலை விஷயமாக வெளியே போனாள். குமுதா சீப்போடு நின்றாள். உண்மையில் அவளுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ரயிலில் அவனை நேருக்கு நேர் பார்க்க அவளுக்குத் தைரியம் இருந்ததில்லை. சுபாங் ஸ்டேஷன் தாண்டினால் வெளியே இருட்டிவிடும், ஜன்னல் கண்ணாடியில் அவன் தெரிவான், அதைத்தான் பார்ப்பாள். கண்ணாடியும் இடம் வலத்தை மாற்றித்தானே காட்டும்? அப்படியானால் இத்தனை வருடமாக மனதில் வைத்திருப்பது அவனையா, கண்ணாடியில் தெரிந்தவனையா?

வலது பக்கம் வகிடு எடுத்தாள். முடி படியவில்லை. எழும்பி எழும்பி இடப்பக்க வகிட்டுக்கே திரும்பியது. வருடக்கணக்காகச் சீவிய பக்கத்தை முடி மறக்காது, எந்த முடிதிருத்துபவரைக் கேட்டாலும் சொல்வார். ஆக, அவள் பார்த்தது சரிதான். ஆனால் எந்த உரிமையில் அதைச் சொல்ல? ஜெல் போட்டு அழுத்தி, மகள் கேட்ட பக்கமே படிய வைத்தாள். உன் தலையைக்கூட ஒழுங்காகச் சீவிவிட எனக்கு வழியில்லையே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. மனைவி சீதாலெட்சுமி. ஹாலுக்குக் கொண்டுபோகுமுன் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று விஜயனிடம் கேட்டு வந்திருந்தாள். மெலிந்த உடம்பு, கசங்கிய சேலை. குனிந்து பார்த்தாள்.

"வகிடு மாறியிருக்கே" என்றாள்.

"உங்க மகள் படத்தைக் காட்டினாங்க..."

"அவளுக்குத் தெரியாது. அவ அப்பாவைப் போன்லயேதான் பார்ப்பா." அதைச் சொல்லும்போது அவளுக்கு லேசாகச் சிரிப்புகூட வந்தது. "நான் எதிர்ல உட்கார்ந்து பார்த்தவ. இடது பக்கம்."

குமுதாவுக்குச் சந்தோஷமும் பொறாமையும் ஒன்றாக வந்தன. உலகத்தில் தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று என்று சற்று முன்புதான் கர்வப்பட்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து ஓர் ஆயுசு பார்த்தவள் இதோ நிற்கிறாள்.

சீதாலெட்சுமி சீப்பை எடுத்தாள். நெற்றிவரை கொண்டுபோய் நிறுத்தினாள். "முடியல சிஸ்டர். நீங்களே எடுத்துடுங்க" என்று திருப்பிக் கொடுத்தாள்.

குமுதா ஜெல்லை ஈரத்துணியால் துடைத்தாள். முடி தானாகவே விழுந்தது, வகிடு ஒரே இழுப்பில் வந்தது. பிறகு உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து, தலையின் பின்பக்கம் விரலைக் கொடுத்து, உச்சியில் ஓர் இடத்தில் அழுத்திப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தது.

"அங்க நாலு முடி நட்டுக்கிட்டு நிக்கும்" என்றாள் சீதாலெட்சுமி மெதுவாக. "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. "ரயில்ல பார்த்திருக்கேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி. சென்ட்ரல்லேர்ந்து ஒரே கொமுட்டர்ல வருவோம்."

"கல்யாணத்துக்கு முன்னாடியா?"

"ஆமா."

அவள் கோபப்படுவாள் என்று குமுதா காத்திருந்தாள். சீதாலெட்சுமி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு அவரைக் கல்யாணத்துக்குப் பிறகுதானே தெரியும். அப்ப எப்படி இருப்பாரு? சொல்லுங்க, கேக்கறேன். இனிமே அவரைப் பத்திப் புதுசா ஒண்ணு எனக்கு யாரு சொல்லப் போறாங்க?"

இத்தனை வருடம் கேட்க ஆளில்லாமல் இருந்த கதை. கேட்கிறவளோ அவன் பெண்டாட்டி.

"ஒல்லியா இருப்பாரு. கதவுகிட்டத்தான் நிப்பாரு, இடம் இருந்தாலும் உட்கார மாட்டாரு. கையில தினமும் கச்சாங் பூத்தே இருக்கும். நிலக்கடலை. பாதி தின்னுட்டு..."

"யாரு, அவரா?" சீதாலெட்சுமி நிமிர்ந்தாள். "வேற யாரையோ சொல்றீங்க. அவருக்கு நிலக்கடலை ஆகவே ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே. ஒண்ணு வாயில பட்டாலும் உதடெல்லாம் வீங்கிடும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். எங்க வீட்டுக்குள்ளயே நான் அதை விடறதில்ல."

சீதாலெட்சுமியின் கண் மெல்லத் தாழ்ந்து, இன்னும் அந்த உச்சி முடியை அழுத்திக்கொண்டிருந்த குமுதாவின் கையில் வந்து நின்றது. வேறு யாரோ இல்லை என்று அவளுக்கும் புரிந்துவிட்டது.

"மீதியை யாருக்குக் குடுப்பாரு?" என்றாள்.

குமுதாவின் கை அந்த முடியிலேயே இருந்தது.

சீதாலெட்சுமி எழுந்தாள். கணவனின் நெற்றியைத் தொட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போகிறாள் என்று நினைத்தால், கதவருகே நின்று திரும்பாமலே சொன்னாள். "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்னு வெளிய சொல்லிடறேன். யாரும் வர மாட்டாங்க." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

குமுதா கையை எடுத்தாள். முடி பழையபடி எழுந்து நின்றது. அவள் குனிந்து, அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள், ரயிலில் ஒருநாளும் பார்க்கத் துணியாத மாதிரி.

"பாதி தின்னுட்டேன்னு பொய்தானே சொன்னீங்க?" என்றாள்.