ஜூலிக்கு ரெட்டை முடி

ஜோசுவா முட்டாள் இல்லை. அதுதான் சிக்கலே. முட்டாளாக இருந்திருந்தால் பயந்துகொண்டு அந்த நாயைத் தொடாமல் விட்டிருப்பான்.

ஆம்பூரில் ஒரு தோல் ஃபாக்டரியில் அவன் செலக்‌ஷன் சூப்பர்வைசர். ஆட்டுத்தோலை மேசையில் விரித்துக் கட்டை விரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் போதும், எங்கே முள் கீறியது, எங்கே உண்ணி கடித்தது என்று சொல்லிவிடுவான். அவன் தொழிலில் முடி என்பது முதலில் தொலைய வேண்டிய சனியன். சுண்ணாம்பில் ஊறப்போட்டு முடியை எடுத்த பிறகுதான் எந்தத் தோலுக்கும் மரியாதை. இருபது வருஷமாக அப்படியே பார்த்துப் பழகிய கண், உயிரோடு இருக்கிற தோலையும் அப்படித்தான் பார்த்தது.

ஜூலி அவனுடைய அக்கா ஜெபராணியின் நாய். அக்கா வேலூரில் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பள்ளிகொண்டாவில் ஜூலியோடு தனியாக இருக்கிறாள். மே மாதம் அவளுக்குக் கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன். வயிற்றில் தையலோடு இருப்பவள் மேல் நாய் தாவினால் என்ன ஆவது? ஒரு மாதம் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தம்பி வீட்டில் விட்டாள்.

வெள்ளை ஸ்பிட்ஸ். தெருவில் எல்லாருக்கும் அது பொமேரியன்தான். நரி மூஞ்சி, விறைத்த காது, முதுகின் மேல் சுருட்டிப் போட்ட வால். இந்த ஜாதிக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் சொந்தம், மற்றவர்கள் எல்லாரும் சந்தேகக் கேஸ். காக்கா உட்கார்ந்தால் குரைக்கும், சிலிண்டர் வண்டிக்குக் குரைக்கும், கொடியில் சட்டை ஆடினால் அதற்கும் ஒரு பாட்டம். அக்கா சாயங்காலம் போன் செய்வாள், ஸ்பீக்கரில் குரல் கேட்டதும் வீட்டையே கூரையோடு தூக்கிவிடும்.

அக்னி வெயிலில் அது நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதைப் பார்க்க ஜோசுவாவுக்குப் பொறுக்கவில்லை. நல்ல எண்ணம்தான், அதை மறுக்க முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை டிரிம்மரை எடுத்தான்.

"அக்காவ ஒரு வார்த்த கேட்டுடுங்களேன்" என்றாள் அவன் மனைவி மெர்சி.

"தோலப் பத்தி எனக்கா சொல்லித் தர்ற? இந்த வெயில்ல கம்பளி போத்திக்கினு இருக்குது பாவம்" என்றான்.

ஒட்ட வழித்துவிட்டான். உள்ளே இளஞ்சிவப்பாகத் தோல் வந்தது. கட்டை விரலால் ஒரு தேய்ப்பு தேய்த்து, "ஃபர்ஸ்ட் கிரேடு" என்று சிரிக்கவும் செய்தான்.

மறுநாள் வழக்கம்போல மாடியில், தகரக் கொட்டகை நிழலில் தண்ணீர் வைத்துக் கட்டிவிட்டு இரண்டு பேரும் வேலைக்குப் போனார்கள். முற்பகலிலேயே அந்த நிழல் நகர்ந்துவிடும். முடி இருந்தவரை ஜூலி அதை எப்படியோ சமாளித்தது. சாயங்காலம் வந்து பார்த்தபோது முதுகு முழுக்கச் சிவந்து கொப்புளம் போட்டிருந்தது. குரைக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

பக்கத்து வீட்டு முனவ்வர் பேகம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துப் பதறினார். "காலையிலேர்ந்து கத்திக்கினே இருந்துச்சு தம்பி. எப்பவும் கத்துறதுதானேன்னு விட்டுட்டேன்."

மாட்டாஸ்பத்திரி டாக்டர் தன்சீல் அகமது ஊசி போட்டு, மருந்து தடவி முடித்த பிறகு கேட்டார். "யாரு சார் முடி எடுத்தது?"

"நான்தான். காத்து வாங்கட்டும்னு..."

"இதுக்கு ரெட்டை முடி சார். உள்ள பஞ்சு மாதிரி ஒண்ணு, மேல நீட்டமா ஒண்ணு. குளுருக்கு மட்டும் இல்ல, வெயில் தோல்ல படாம தடுக்கிறதும் அதுதான். குடையப் புடுங்கிக்கினு வெயில்ல நிறுத்திட்டீங்க."

"திரும்ப வளருமா டாக்டர்?"

"வெந்த எடத்துல கஷ்டம்."

அதன் பிறகு ஜோசுவாவுக்கு வேலை ஓடவில்லை. ஒவ்வொரு தோலிலும் விரல் வைக்கும்போது கை கூசியது. அக்கா போன் செய்தால், ஜூலி தூங்குகிறது, இப்போதுதான் சாப்பிட்டது என்று எதையாவது சொன்னான். ஆபரேஷன் ஆனவளிடம் எப்படிச் சொல்வது என்று மெர்சியிடம் கேட்டான். அது சாக்கு என்று அவனுக்கே தெரியும். தன்னை அக்கா என்ன நினைப்பாளோ என்ற பயம்தான். காலையும் மாலையும் அவனே மருந்து போட்டான், கையில் எடுத்து ஊட்டினான், வேளைக்கு வேளை தண்ணீர் காட்டினான். ஜூலி அவன் காலடியிலேயே படுக்க ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கோயிலில் ஆராதனை முடிந்து நேராக ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஜூலி முனகிக்கொண்டு ஓடிப்போய் அவள் புடவையில் மூஞ்சியைப் புதைத்தது. அக்கா அதன் முதுகைப் பார்த்தாள்.

"இன்னாடா இது?"

ஜோசுவா தயாராக வைத்திருந்ததைச் சொன்னான். "சொறிக்கா. ரொம்ப ஜாஸ்தியாய்டுச்சு. டாக்டர்தான் முடிய எடுக்கச் சொன்னாரு."

மெர்சி விருட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். "என்னாலதான். ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு மாசமா ஒரே ரத்தப்போக்கு, குனிஞ்சு சீவிவிடக்கூட முடியலடா. அப்பவே உள்ள இருந்திருக்கும். நர்ஸா இருந்துக்கினு நான் பாக்காம விட்டுட்டேன் பாரு." கண் கலங்கியது. "உனக்கும் இந்தப் பேஜாரக் குடுத்துட்டேன்."

சொல்லிக்கொண்டே முதுகைத் தடவினாள். ஆறாத இடத்தில் விரல் பட்டது. ஜூலி வீலென்று கத்தி அவள் கையிலிருந்து துள்ளி, ஓடிப்போய் எதிரே உட்கார்ந்திருந்த ஜோசுவாவின் மடியில் ஏறிக்கொண்டது.

அக்காவின் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு சிரித்தாள். "எங்கிட்ட தவிர யாருகிட்டயும் போவாத சிறுக்கி. நல்லாப் பாத்துக்கினு இருக்கடா நீ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியவில்லை.

"சொறி இல்லக்கா" என்றான். "நான்தான் முடிய எடுத்தேன். அப்புறம் மாடில கட்டிட்டு வேலைக்குப் போய்ட்டேன். வெயில் சுட்டுடுச்சு. நிஜமா தெரியாமத்தான்க்கா..."

அக்கா சத்தம் போடவில்லை. நோயாளியிடம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"கத்துச்சா?"

"கத்துச்சாம். எப்பவும் கத்துறதுதானேன்னு யாரும்..."

முடிக்க வரவில்லை. தேம்பி அழுதான், நாற்பத்தைந்து வயது ஆள். ஜூலி அவன் முகவாயை நக்கிக்கொடுத்தது.

அக்கா சுவரைப் பிடித்து எழுந்து கையை நீட்டினாள். "குடு."

அவன் தூக்கிக் கொடுத்தான். ஜூலி போகவில்லை. நான்கு காலாலும் அவன் சட்டையைப் பற்றிக்கொண்டது. அவனே ஒவ்வொரு நகமாக விடுவித்து அக்காவின் தோளில் போட வேண்டியிருந்தது. அங்கிருந்தும் அவனைப் பார்த்துக் கழுத்தை நீட்டி முனகியது.

"பாவம்டா" என்றாள் அக்கா. "யாரு பண்ணதுன்னு இவளுக்குத் தெரியல."