மஞ்சள் துடுப்புக் கறுப்பன்

“கண்ணத் தொறந்து பாருய்யா லெஸ்! மீனு கறுப்பா இல்லியா?”

“ஒடம்பு கறுப்புதான் தோரா. அடித்துடுப்பு மஞ்சளா மின்னுதே! ஈடன் கடக்கரையிலேருந்து ஒன்னத் தேடி வந்த சொந்தக்காரனோ?”

தாம்போ ஆறு ஏரியோடு கூடும் கழிமுகத்தில் காலைக்கதிர் பொன்னுருக்கி வார்த்தாற்போல் பரவ, கரிய அன்னங்கள் கழுத்தை வளைத்து நாணலோரம் மேய, மெட்டுங் துறையின் எடைமேடையைச் சூழ்ந்து நின்ற ஊரார், மீனைவிடச் சண்டையே சுவையானதென்று கண்டு வீடு செல்ல மறந்து நின்றனர்.

ஆண்டுதோறும் பெருமீன் பிடித்தவர் பெயரைத் துறைப்பலகையில் பொறிப்பது அங்கே வழக்கம். ஆயினும் அம்மீன் ஏரியிலேயே பிறந்து வாழும் கறுப்புப் பிரீம் மீனாக இருத்தல் வேண்டும் என்பர். முட்டையிடக் கடல்வாயை நாடும் மஞ்சள் துடுப்பனுக்கு இடமில்லை. வெளியூரிலிருந்து வந்து குடியேறியோரையும் அவ்வூரார் ‘மஞ்சள் துடுப்பு’ என்றே அழைப்பர். ஈடன் கடற்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, கணவனை இழந்தும் தூண்டிலிரைக் கடையைத் தனியே நடத்தி, முப்பதாண்டுக்குப் பின்னும் அப்பட்டத்தைச் சுமந்த தோரா, பலகையில் தன் பெயரைக் காணாது ஓய்வதில்லை என்று உறுதிபூண்டிருந்தாள்; அவ்வாண்டின் பெருமீனும் அவள் தூண்டிலிலேயே சிக்கியது.

“செதில் வரிசைய எண்ணு.”

எடையாளர் லெஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றி மும்முறை எண்ணினார். மும்முறையும் கறுப்பனுக்குரிய கணக்கே வந்தது.

“மறுபடியும் எண்ணணும்.”

“சாயங்காலம் வரைக்கும் எண்ணு. ஒன்னுகூடக் கொறயாது!”

எனினும் அவர் இசையவில்லை. தோரா துடுப்பில் ஒரு துணுக்கை நறுக்கி, நகரத்து மீனாய்வாளர்க்கு அனுப்பினாள். மீன் அவளது பனிப்பெட்டியில் பட்டாணிப் பொதிகளுக்கிடையே மூன்று திங்கள் துயின்றது; அவள் அஞ்சற்பெட்டியை நாளுக்கு எத்தனை முறை திறந்தாள் என்பதைத் தெருவே அறியும். இறுதியில் மடல் வந்தது: தாய் கறுப்பு, தந்தை மஞ்சள் துடுப்பு.

“பாதி கடல்காரன்! ஒத்துக்கிறியா?” என்றார் லெஸ், ஊர் மீன்பிடிக் கழகக் கூட்டத்தில்.

“ஒத்துக்கிறேன். கறுப்பி முட்டபோட ஏரிய விட்டுப் போயி நீ பாத்திருக்கியா?”

“அது எங்கயும் போவாதே.”

“அப்ப இவன் எங்கய்யா பொறந்தான்?”

அவர் போட்டி விதிமுறைத் தாளைப் புரட்டினார். ‘ஏரியில் பிறந்த பிரீம்’ என்று மட்டும் அவரே தம் கையால் எழுதி வைத்திருந்தார்; ‘கறுப்பு’ என்ற சொல் அதில் இல்லை.

பலகையில் தோராவின் பெயர் ஏறியது. லெஸ் மறு கோடையில் ஓமியோ மலையூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஓடைமீனில் இருவகை உண்டாம், அதன் பொருட்டு அண்டை வீட்டாரோடு இப்போதே பேச்சில்லையாம். தோராவோ எங்கும் பெயரவில்லை. ஏரியும் கடலும் எவ்விடத்தில் பிரிகின்றன என்று நீர் ஒருநாளும் கோடு கிழித்ததில்லை. கிழித்தவர் கரையில் நின்றவரே.