பாகு சேர்க்காத உருண்டை

கையைக் கழுவக்கூட நேரமில்லை. எள்ளும் கடலையும் விரலிடுக்கில் அப்பியிருக்க, செல்லத்தாய் வாசலுக்கு ஓடிவந்தபோது கப்பலூர்ப் பட்டறை வேனிலிருந்து நாலைந்து பேர் அவள் புருஷனை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தவசிக்குக் கனத்த உடம்பு. தூக்கியவர்களுக்கு மூச்சு வாங்கியது.

கூட வேலை பார்க்கும் முத்துக்கருப்பன்தான் சொன்னான்.

"திருமங்கலத்துல அவுக அக்கா வீட்டுல சாப்ட்டுட்டு, எப்பயும் போலத்தான் சைக்கிள்ல வந்தாரு. லேத்துகிட்ட நின்ன மனுசன் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாரு. அம்புட்டுத்தான்."

"எப்பயும் போலவா?"

"தெனமும் மத்தியானம் அங்கதான. நீங்க குடுத்துவிடுற உருண்டைய எங்களுக்குக் குடுத்துருவாரு." அவள் முகத்தைப் பார்த்து ஆறுதலாகச் சேர்த்துக்கொண்டான். "நல்லாத்தான் இருக்கும்."

போன வருஷம் நெஞ்சு வலித்தபோது டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உடம்பு இறங்க வேண்டும். சோறும் இனிப்பும் கூடாது. கடலை, எள், பயறு கொடுங்கள். அடுப்பில் வைக்காமல் செய்கிற சத்து உருண்டையை ஒரு வாரப் பத்திரிகையில் பார்த்து அவளாகக் கற்றுக்கொண்டாள். பாகு சேர்க்காமல் உருண்டை லேசில் நிற்காது. கடையில் வறுத்து விற்கும் கடலையை எண்ணெய் விடும்வரை உரலில் இடித்து, பால் பவுடர் தூவி, உள்ளங்கை சிவக்க அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படியும் டாக்டர் வீட்டுத் தராசின் முள் இறங்கவில்லை. தன் பக்குவத்தில்தான் கோளாறு என்று நினைத்து உருண்டையைச் சின்னதாக்கினாள். அப்புறம் இன்னும் சின்னதாக்கினாள். அவர் ஒன்றும் சொன்னதில்லை.

இன்று காலையில் மட்டும் கேட்டார். "ஒரு கை சோறு வையேன். மோர ஊத்திக் குடிச்சுட்டுப் போறேன்."

"வயித்தக் குனிஞ்சு பாத்துட்டுக் கேளுங்க."

அவர் நிஜமாகவே குனிந்து பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெயில் தாழும்போது ஒச்சாயி வந்துவிட்டாள். தவசியின் அக்கா. தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தவள், கூடியிருந்த பெண்களை விலக்கி, செல்லத்தாயின் எதிரில் உட்கார்ந்து அவள் தோளில் கையைப் போட்டாள். தலையோடு தலை சேர்ந்தது. ஒச்சாயி ஒப்பாரி எடுத்தாள்.

"வண்டி வண்டியா நெல்லெறங்கும்
வாசலிலே பொறந்தவனே – ஒரு
வாய்ச்சோறு கேட்டுக் கேட்டு
வாடித்தான் போனியேடா
கடலைய உருட்டி வச்சா – என்
காளைக்குப் பசி போமா?"

சுற்றியிருந்தவர்களின் அழுகை ஒரு கணம் தணிந்து, கண்கள் செல்லத்தாயின் பக்கம் திரும்பின. பின்னால் இருந்த அவள் தங்கை மலையம்மாள் முதுகில் இடித்தாள்.

"நீயும் எதுத்து எடுக்கா. இவள விட்டா, புருசனப் பட்டினி போட்டுக் கொன்னவன்னு உனக்குப் பேரு வச்சிட்டுத்தான் எந்திரிப்பா."

எடுக்கலாம். ஒப்பாரியில் கேள்விக்குப் பதில் பாடுவது ஊர் வழக்கம். ஒரு வரி போதும். சோறு போட்டே கொன்றது யார் என்று இந்தக் கூட்டம் கேட்டுக்கொள்ளும். திருமங்கலம்வரை போய்ச் சேரும். அந்த வரி தானாக அமைந்து நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செல்லத்தாய் மூச்சை இழுத்தாள். பெண்கள் அடங்கிக் காத்திருந்தார்கள். தோளில் கிடந்த ஒச்சாயியின் கை இறுகியது. அவளுக்கும் தெரிந்துவிட்டது போல.

காலையில் குனிந்த அந்தத் தலை ஞாபகம் வந்தது. உச்சியில் முடி கொட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்திருந்தாள்.

"மதினி," என்றாள், ஒச்சாயியின் காதுக்கு மட்டும் கேட்கும்படி. "இன்னைக்கு என்ன கொழம்பு வச்சீக?"

ஒச்சாயியின் உடம்பு விறைத்தது.

"கருவாட்டுக் கொழம்பு," என்றாள் கடைசியில், குரலே இல்லாமல். "கத்திரிக்கா போட்டு."

"எம்புட்டு சாப்ட்டாரு?"

"ரெண்டாந்தரம் கேட்டு வாங்குனான்த்தா. சட்டியத் தொடச்சு வழிச்சான். உங்கிட்டச் சொல்லிறாதக்கான்னு..."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. அடுத்த அடியையும் எடுக்க முடியவில்லை. வேறு யாரோ ஒரு கிழவி பாட்டை வாங்கிக்கொண்டாள். "என்னக்கா, சும்மா இருக்க?" என்று மலையம்மாள் மறுபடியும் இடித்தாள்.

செல்லத்தாய் ஒச்சாயியின் தோளில் முகத்தைச் சாய்த்தாள். ஒச்சாயி அடுப்படியிலிருந்து அப்படியே கிளம்பி வந்திருந்தாள் போல. முந்தானையில் புளியும் கருவாடும் மணத்தன. செல்லத்தாய் நெடுநேரம் முகத்தை எடுக்கவில்லை.