மூன்றாவது மெஷின்

"போடுடி!" என்றார் அப்பா, காதுக்குள்.

போட்டாள். பச்சை வேலிக்கிளை பாதிகூட உள்ளே போகவில்லை, மெஷின் வீறிட்டது. கடை முற்றத்தில் படுத்திருந்த பூனை ஒரே தாவலில் மதிலுக்கு அப்பால் போனது.

"கத்துது. அடுத்தது."

கடைக்காரர் சுவிட்சை அணைத்தார். "ஏம்மா, ஒரு கிளை முழுசா போகல, அதுக்குள்ளயா? போன்லயே பொண்ணு பாத்து வேணாம்னு சொல்ற மாதிரில்ல இருக்கு!"

"அப்பா அப்படித்தான். மெஷினைக் காதாலதான் பாப்பாரு."

அப்பா இருந்தது ஊரின் மறுகோடியில், கட்டிலில். ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அம்மா அவர் காதோடு போனைப் பிடித்திருந்தாள். இங்கே மகள், காதுக்கவசத்துக்கு அடியில் இயர்போனைச் செருகிக்கொண்டு, மூன்று ஷ்ரெடர்களுக்கு முன்னால் நின்றிருந்தாள். கிளைகளை விழுங்கித் தூளாகத் துப்பும் மெஷின்கள். வீட்டிலிருந்த பழையது மண்டையைப் போட்டுவிட்டது. அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்து மரங்களை எல்லாம் கவாத்து செய்ய வேண்டும். அப்பாவும் மகளும் மட்டுமே இருந்த தோட்ட வேலைக் கம்பெனிக்கு அவ்வளவு பெரிய வேலை இதுவரை வந்ததில்லை.

காலையில் கிளம்பும்போதே அப்பா மூச்சு வாங்க வாங்கச் சொல்லி அனுப்பியிருந்தார். "கடைக்காரன் குடுக்குற கட்டையைப் போடாத. நேரா, காய்ஞ்சதா பொறுக்கி வெச்சிருப்பான். நம்ம குப்பையை ஏத்திட்டுப் போ. கட்டை உள்ள போனா எஞ்சின் சத்தம் இறங்கும், இறங்கட்டும். எவ்வளவு சீக்கிரம் திரும்ப ஏறுதுன்னு கேளு. அதுதான் மெஷின்."

வண்டி நிறைய கோணல் கிளை, முள், ஈரத்தழை.

அப்பாவுக்குப் பிடித்துவிட்டால் ஒரு "ம்ம்" வரும். அடிவயிற்றிலிருந்து, வாய் திறக்காமல். நல்ல எஞ்சினுக்கு வந்திருக்கிறது. நன்றாக ஆறிய மரக்காயத்துக்கு வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு நாய்க்கே ஒருமுறை வந்தது. அவளுக்கு மட்டும் வந்ததில்லை. இத்தனை வருஷமாக அவள் வெட்டிய வேலியை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்று வண்டியில் ஏறிவிடுவார்.

இன்றைக்குத்தான் முதல்முறையாக அவளைத் தனியாக அனுப்பியிருந்தார். தனியாக என்றால், காதில் அவரோடு.

இரண்டாவது மெஷின் யானை மாதிரி இருந்தது. வாய் அகலம், உடம்பு அதைவிட அகலம். கிளைகளை அள்ளி அள்ளி விழுங்கியது.

"அப்பா?"

பதில் இல்லை.

"கேக்குதா? இன்னொண்ணு போடட்டா?"

கோணல் கட்டையைப் போட்டாள். ஒன்றும் வரவில்லை.

"என்ன சொல்றாரு?" கடைக்காரர் கத்தினார்.

"யோசிக்கிறாரு."

அவளும் யோசித்தாள். இது பள்ளிக்கூடத்துக்குச் சரி. மற்ற வீடுகளின் பக்கவாட்டுச் சந்தில் நுழையாது. அப்பாவும் அதைத்தான் நினைப்பார். 'அடுத்தது' என்று அவர் சொல்லக் காத்திருக்காமல் அவளே மூன்றாவதற்குப் போனாள்.

ஒல்லியான மெஷின். ஈரத்தழையை ஒரு கட்டு அப்படியே திணித்தாள். எந்த மெஷினுக்கும் தொண்டை அடைக்கிற சமாச்சாரம் அது. எஞ்சின் சத்தம் இறங்கியது. இன்னும் இறங்கியது. நின்றேவிட்டது என்று கையை இழுத்துக்கொண்டாள்.

ஏறியது. கடகடவென்று ஏறி, பழைய சுருதியில் நின்றது.

காதுக்குள், தெளிவாக, வாய் திறக்காமல்:

"ம்ம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கவசத்தைக் கழற்றினாள். "இதான்! இதை எடுத்து வைங்க!"

"பெரியவர் சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாரு!"

மெஷின் அடங்கியதும், "அப்பா, ஏறிச்சு பாத்தீங்களா?" என்றாள். அந்தப் பக்கம் வெறும் அறையின் அமைதி. பிறகு செருப்புச் சத்தம். பிறகு அம்மாவின் குரல், ஆனால் போனுக்குள் பேசவில்லை: "இங்க, சீக்கிரம் இங்க வாங்க…"

அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டு நர்ஸ் கைகழுவிக்கொண்டிருந்தாள். அப்பாவின் தலை தலையணையில் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது, யாரோ சொல்வதைக் கேட்பது போல.

"நான் வர்றதுக்கு முன்னாடியே அடங்கிட்டாரும்மா," என்றாள் நர்ஸ்.

அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "ரெண்டாவது மெஷின் ஓடுச்சுல்ல, அப்ப மூச்சு இறங்குச்சு. திரும்ப ஏறும், ஏறும்னு பாத்தேன். ஏறல. போனை அவர் காதுகிட்டயே வெச்சுட்டு நர்ஸைக் கூப்பிட ஓடினேன்."

மகள் அப்படியே நின்றாள்.

"மூணாவது ஓடும்போது ரூம்ல யாரும்மா இருந்தா?"

"யாரு இருப்பா? அவருதான்."

"நீ எதாச்சும்… ம்ம்னு…"

"நான் எங்கடி இருந்தேன்?"

நர்ஸ் குழாயை மூடினாள்.

எல்லாம் முடிந்த மறுநாள் கடைக்காரர் கூப்பிட்டார். "கேள்விப்பட்டேம்மா. மெஷின் இப்ப வேணாம்னாலும் சரி, வேற மாத்தணும்னாலும் சரி. பெரியவர் சொன்னதுனாலதான் எடுத்து வெச்சேன்…"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா குறுக்கே பாய்ந்தார். "மாத்துறதாவது! அண்ணன் கடைசியா சரின்னு சொன்ன மெஷின். வேறதை எடுத்தா மனுஷன் அங்கயும் நிம்மதியா இருக்கமாட்டாரு."

இரண்டு நாளாகவே எந்தச் சத்தமும் அவளுக்கு வெறும் சத்தமாக இல்லை. குழாயைத் திறந்தால் அதற்கு அடியில் எதையோ தேடினாள். மிக்ஸி ஓடினால் அடுப்படி வாசலில் போய் நின்றாள். அந்த "ம்ம்" அவருடையது என்றால், அவர் ஏற்கனவே போயிருந்தார். அவர் இல்லையென்றால், அவளுக்கு அது வரவே இல்லை.

சந்தின் அகலம் நினைவுக்கு வந்தது. ஈரத்தழை நினைவுக்கு வந்தது. அது ஏறியதை அவளும்தான் கேட்டாள்.

"அதையே கொண்டு வாங்க," என்றாள். "அப்பாவுக்காக இல்ல. நான் கேட்டேன். நல்லா இருக்கு."

சித்தப்பா அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

மாலையில் மெஷினைக் கொல்லையில் இறக்கிவிட்டுப் போனார்கள். காதுக்கவசம் போடாமல் ஸ்டார்ட்டர் கயிற்றைச் சுண்டினாள். வண்டியில் மிச்சம் கிடந்த கிளைகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். சத்தம் இறங்கியது, ஏறியது. இறங்கியது, ஏறியது. தூள் சூடாக, பொடியாக அவள் கால்மேல் விழுந்தது. எஞ்சின் மட்டும்தான். வேறு ஒன்றும் இல்லை. கடைசிக் கிளையும் போனபின் அணைத்தாள்.

அப்பா படுத்திருந்த அறையின் ஜன்னல் திறந்தது.

"ஏன்டி நிறுத்திட்ட?"

"போட ஒண்ணும் இல்லம்மா."

"சும்மா ஓடட்டும்."

கயிற்றைச் சுண்டினாள். வெறும் வாயோடு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அறைப்பக்கம் திருப்பி, காதுகொடுத்து நின்றாள்.